பிரிபடாத மண்

மண்ணில் எழுப்பிய வீடு மண்ணிலேயே நிற்கும் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த நாளில், பாளையங்கோட்டையின் கிழக்கு ஓரத்தில், வாகை நகர் முட்டுச்சந்தின் கடைசியில் இருந்த பொருநை இல்லம் என்னும் நான்கு மாடி அடுக்ககம், ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமையொன்றின் விடிகாலையில், பால் வருகிற நேரம் பார்த்து, தான் நின்ற இடத்தை விட்டு ஒரு முழம் மேலே எழும்பி, அப்படியே நின்றது. ஓசை எதுவும் எழவில்லை. சுவரில் ஒரு கீறல் விழவில்லை; அடுப்பில் கொதித்த உலை தளும்பவில்லை; பூசையறை விளக்கின் சுடர் அசையவில்லை; தூளியில் உறங்கிய குழந்தைகள் புரண்டுகூடப் படுக்கவில்லை. தண்ணீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் மின்கம்பியும் மட்டும், தாயையும் பிள்ளையையும் சேர்க்கும் கொடியைப்போல நீண்டு கொடுத்து, மேலிருப்பதையும் கீழிருப்பதையும் விடாமல் பிடித்துக்கொண்டன. வழக்கம்போல் வாசற்படியில் கால் வைக்கப் போன பால்காரர், படி தம் முழங்காலில் இடிக்கக் கண்டு, "படிய ஒசத்திக் கட்டுனா ஒரு வார்த்த சொல்லப்பிடாதா? முட்டு பேந்துட்டே!" என்று கடிந்துகொண்டு, பால் பைகளைத் தரையில் வைப்பதற்குப் பதிலாக மேலே எட்டி வைத்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்.

குடியிருந்தவர்கள் ஒவ்வொருவராக வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள். ஏன் எழும்பிற்று என்று அவர்களில் ஒருவரும் கேட்கவில்லை. யாருடைய பொறுப்பு என்றுதான் கேட்டார்கள். அப்படிக் கேட்பதற்கு அவர்களைப் பழக்கி வைத்திருந்தவர் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் மரகதவடிவு. வாழ்நாளெல்லாம் அரசு நூலகத்தில் நூலகராக இருந்து, புத்தகம் இருக்க வேண்டிய இடத்தில் புத்தகமும் அமைதி இருக்க வேண்டிய இடத்தில் அமைதியும் இருக்கக் கண்டு ஓய்வு பெற்ற அந்த அம்மையார், மகள் சிறுமியாக இருந்தபோது இரண்டாம் மாடிக்குக் குடிவந்த ஆண்டிலேயே அடுக்ககத்தின் விதிகளைத் தம் கையால் எழுதினார். சுவரின் உட்பூச்சு உரிமையாளருடையது, வெளிப்பூச்சு எல்லோருடையது. தாழ்வாரத்தில் செருப்புக் கிடக்கலாகாது. தெருப்பக்கத்துக் கம்பியில் ஈரத்துணி தொங்கலாகாது. மொட்டை மாடி எல்லோருக்கும் உரியது, ஆகவே எவரும் அங்கே தமக்கென்று ஒரு தொட்டிச் செடியும் வைக்கலாகாது. குழாய் ஒழுகினாலும் கதவு பெயர்ந்தாலும் குருவி கூடு கட்டினாலும் அவர் சொல்லும் தீர்ப்பு ஒன்றே: "பூச்சுக்கு உள்ள ஒங்க பொறுப்பு, பூச்சுக்கு வெளிய நம்ம பொறுப்பு."

அன்று மாலை பொதுக்குழு கூடியது.

"அடியில தெரியுதே, அந்த எடவெளி, அது உள்ளயா வெளியயா?" என்று கேட்டார் முதல் மாடி ஐயம்பெருமாள்.

"வெளிய. அதனால நம்ம எல்லாரோட பொறுப்பு" என்றார் மரகதவடிவு.

"கட்டடம் மேல போச்சா, பூமி கீழ எறங்கிச்சா, அத மொதல்ல சொல்லுங்கக்கா" என்றார் சங்கத் தலைவர் மீரான் பாய். துணிக்கடை வைத்திருந்தவர், எதையும் சிரித்தே விற்றுவிடக் கூடியவர். "பூமி எறங்கியிருந்தா கலெக்டருக்கு மனுக் குடுக்கணும். கட்டடம் ஏறியிருந்தா நாமதான் பாக்கணும்."

கட்டடமே ஏறியது என்று ஒருமனதாக முடிவாயிற்று. வாசலிலிருந்து தரைக்குச் சாய்வுப் பலகை ஒன்று போடுவதென்றும், பலகையில் இறங்குகிறவருக்கு ஏறுகிறவர் வழிவிடுவதென்றும், இடைவெளிக்குள் எவரும் குப்பை தள்ளலாகாதென்றும் மரகதவடிவு விதி எழுதினார். அடுக்ககமோ விதிகளுக்குக் கட்டுப்பட்டதுபோல, வாரத்துக்கு ஒரு சாண், அரைச் சாண் என்று அடக்கமாக உயர்ந்து, ஓர் ஆள் நிமிர்ந்து நடக்கும் உயரம் வந்ததும் நின்றுகொண்டது. பலகையும் அதற்கேற்ப நீண்டது. வரி போட வந்த அலுவலர் குடையை மேலே உயர்த்தி உயரம் பார்த்து, இது வீடா, அல்லது வீடும் காலிமனையுமா என்று தாடையைத் தடவி யோசித்து, மேலிடத்தில் கேட்டு வருவதாகச் சொல்லிப் போனவர் திரும்பவே இல்லை. எதிர்வீட்டுக்காரர், தமக்கு இத்தனை ஆண்டுகளாக வராத காற்று இப்போது வருகிறது என்று சொல்லி ஒரு தாம்பாளம் மஸ்கோத்து அல்வா கொடுத்தனுப்பினார். கார்த்திகை பிறப்பதற்குள் ஊர் அதைப் பேசி முடித்துவிட்டது. ஆட்டோக்காரர்களுக்கு, "மெதக்குத வீட்டுக்குப் போணும்" என்றால் போதுமானதாயிற்று.

ஊர் பேசி முடிக்காதது ஒன்று இருந்தது. அது அந்த மண்.

மரகதவடிவுதான் முதலில் அதற்குள் இறங்கிப் போனார். குப்பை கிடக்கிறதா என்று பார்க்கத்தான் போனார். நான்கு மாடியின் நிழல் தலைக்கு மேல் விரிந்திருக்க, இருட்டாக இருக்கும் என்று நினைத்து உள்ளே வைத்த அடி, வெளிச்சத்தில் போய் நின்றது. அந்த வெளிச்சம் பக்கங்களிலிருந்து வரவில்லை, மண்ணிலிருந்தே வந்தது. விடிவதற்குச் சற்று முன்னால் கிழக்கு வெளுக்குமே, அந்த நிறத்தில், கறுத்து ஈரமாகக் கிடந்த அந்த மண் தனக்குள்ளிருந்து வெளுத்துக்கொண்டிருந்தது. கட்டடம் கட்டிய நாளிலிருந்து ஒரு மனிதக் கண்ணும் பார்த்திராத மண். அதன் நடுவே ஊற்றுக்கண் ஒன்று திறந்து, சத்தமில்லாமல் நீர் பெருகி, நீரில் வெள்ளல்லி பூத்து, அல்லிக்கு அருகே கொக்கு ஒன்று, இவர் வந்ததைப் பொருட்படுத்தாமல் நின்றது. மரகதவடிவு செருப்பைக் கழற்றினார். எவரும் கழற்றச் சொல்லவில்லை. வெறுங்காலின் கீழே மண் வெதுவெதுப்பாக, படுத்திருக்கும் பசுவின் விலாவைப்போல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

வீடு வாங்கியவர்கள் அனைவரும் பத்திரத்தில் அந்த மண்ணைப் பற்றிப் படித்திருந்தார்கள். அடுக்ககத்தில் வீடு வாங்குகிறவருக்கு வீட்டோடு நிலத்திலும் ஒரு பாகம் உண்டு. ஆனால் அது பிரிபடாத பாகம். இன்ன மூலை என்னுடையது, இந்த ஒரு பிடி மண் என்னுடையது என்று எவரும் விரல் நீட்டிக் காட்ட முடியாது. ஒவ்வொரு பிடியும் எல்லோருடையது. கையெழுத்துப் போட்டபோது அது வெறும் வாசகமாக இருந்தது; இப்போது காலடியில் மூச்சு விட்டது. மறுநாளிலிருந்து மாலைதோறும் மக்கள் கீழே இறங்கி வந்தார்கள். ஒரே லிஃப்ட்டில் ஆண்டுக்கணக்காக ஏறி இறங்கியும் பேர் தெரியாமல் இருந்தவர்கள் அந்த மண்ணில் அடுத்தடுத்து உட்கார்ந்து, உரத்துப் பேசக் கூசி, ஒருவர் முகத்தை ஒருவர் அந்தத் தரை வெளிச்சத்தில் பார்த்தார்கள். அந்த வெளிச்சத்தில் எல்லோருடைய முகமும் அப்போதுதான் அழுது முடித்ததுபோலத் தெளிவாக இருந்தது.

மார்கழியில் மரகதவடிவின் ஒரே மகள் செண்பகா தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தாள். கணவன் கப்பலில் வேலை பார்த்தான். அவன் வந்து சேர மாசி ஆகும். வீங்கிய கால்களோடு அவள் சாய்வுப் பலகையில் அடிமேல் அடி வைத்து இறங்கி, ஊற்றுநீரில் பாதங்களை நனைத்து உட்காருவாள். மூன்றாம் மாடி ஜெபமணி, பெரியாஸ்பத்திரியில் செவிலியாக இருந்து ஓய்வு பெற்றவள், பக்கத்தில் உட்கார்ந்து அவள் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பாள். "பிள்ள குறுக்க கெடக்கு, யக்கா. நாள் இருக்கு, திரும்பிரும். திரும்பலன்னா வலி எடுத்த ஒடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிரணும். வீட்டுல வச்சுப் பாக்குத காரியமில்ல" என்றாள். மரகதவடிவு அன்றே மீரான் பாயின் கடை வண்டியைச் சொல்லி வைத்தார்.

தை பிறந்ததும் ஐயம்பெருமாள் அந்த மண்ணில் அவரைக்கொட்டைகளை ஊன்றினார்.

ஐயம்பெருமாள் அரசுப் பேருந்து ஓட்டியவர். பிறந்தது முதல் வாடகை வீடுகளிலேயே இருந்து, ஆணி அடிக்காதே, அம்மி கொத்தாதே, வாசலில் முருங்கை வைக்காதே என்று வீட்டுக்காரர்களிடம் கேட்டுக் கேட்டுத் தலை நரைத்து, கடைசியில் சொந்தமாக வாங்கிய வீட்டிலும் அதே சொற்களை மரகதவடிவின் வாயால் கேட்டவர். இருவரும் எதிரெதிரே வந்தால் இருவருமே வழிவிட மாட்டார்கள்.

"அண்ணாச்சி, பொது எடத்துல நீங்க வெதைக்கக் கூடாது."

"பத்திரத்துல எனக்கு இதுல பாகம் இருக்கா, இல்லியா? அதச் சொல்லுங்க செயலாளரம்மா."

"இருக்கு. ஆனா எங்க இருக்குன்னு சொல்ல முடியாது."

"எங்க இருக்குன்னு சொல்ல முடியாத பாகத்த வச்சு நான் என்ன செய்ய? மோந்து பாக்கவா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களே மறுநாள், அவர் கேட்டது நியாயந்தானே என்று பேச ஆரம்பித்தார்கள். ஒருவருடைய பாயை இன்னொருவர் மிதித்தார்; ஒரு வீட்டுக் குழந்தை பறித்த அல்லியை இன்னொரு வீட்டுக் குழந்தை தன்னுடையது என்றது. மரகதவடிவின் மனம் ஒழுங்கு கெடுவதைப் பொறுக்காத மனம். அளந்து பிரித்துவிட்டால் சச்சரவு ஓயும் என்று அவரே பொதுக்குழுவில் எழுந்து சொன்னார். அவரவர் பாகத்தை அவரவர் காக்க வேண்டும். உரிமையாளர் அழைக்காமல் எவரும் மற்றவர் பாகத்தில் கால் வைக்கலாகாது என்று விதியும் எழுதினார். அந்த விதியை எல்லோரும் கைதட்டி ஏற்றார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லோரும் கீழே இறங்கினார்கள். சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டு, பூவரசங்கிளைகளைச் சீவி முளை அடித்து, முளைக்கு முளை தென்னங்கயிறு கட்டினார்கள். ஊற்று நான்கு பேருக்குப் பங்காயிற்று. கொக்கு எவர் பாகத்திலும் நிற்க விரும்பாமல் பறந்து போயிற்று. ஒவ்வொரு கோடு விழும்போதும் மண்ணின் வெளிச்சம் கொஞ்சம் மங்கியதை மரகதவடிவு பார்த்தார். மேகம் மறைக்கிறது என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். மேலே மேகமே இல்லை, வீடுதான் இருந்தது. கடைசி முளையில் கடைசி முடிச்சு இறுகிய கணத்தில், நீரில் முங்கப் போகிறவன் மூச்சிழுப்பதுபோல ஒரு நீண்ட ஓசை கேட்டது. எல்லோரும் நிமிர்ந்தார்கள். பொருநை இல்லம் போய்க்கொண்டிருந்தது. அவசரமில்லாமல், அசையாமல், கோபமில்லாமல், சாய்வுப் பலகையை உதறிவிட்டு, தென்னைகளின் கழுத்தைத் தாண்டி, கொண்டையைத் தாண்டி, அந்திச் சூரியன் அதன் அடிவயிற்றில் விழும் உயரத்துக்குப் போய் நின்றது.

நடக்க மாட்டாத முதியவர்கள் சிலரும், அவர்களுக்குத் துணையாக ஜெபமணியும், நிறைமாதமாக இருந்ததால் படுத்திருந்த செண்பகாவும் மேலே இருந்தார்கள். மரகதவடிவு கீழே இருந்தார்.

ஊரிலிருந்த ஏணிகளையெல்லாம் கொண்டுவந்து ஒன்றோடொன்று கட்டிப் பார்த்தார்கள், எட்டவில்லை. நீண்டு தொங்கிய குழாய்களில் ஏறத் துணிந்த இளைஞர்கள் பாதியில் கை வழுக்கி இறங்கினார்கள். திங்கட்கிழமை முற்பகலில் மேலேயிருந்து ஜெபமணியின் குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோலத் தலைகீழாக வந்து விழுந்தது.

"யக்கா! செண்பகாவுக்கு வலி எடுத்திட்டு! பிள்ள இன்னும் குறுக்கதான் கெடக்கு! எப்படியாவது எறக்குங்க!"

அதன் பின்னால் செண்பகாவின் குரல், சொல்லாக அல்லாமல் வெறும் குரலாக வந்தது.

மரகதவடிவு தம் பாகத்து முளையருகே போய்க் குனிந்து, தாமே கட்டிய கயிற்றை அவிழ்த்தார். ஏன் அவிழ்த்தார் என்று அவருக்குத் தெரியாது. கைக்கு வேறெதுவும் தோன்றவில்லை. கயிறு விழுந்ததும் அவர் காலடி மண் ஒரு பெருமூச்சு விட்டு, புளித்த மாவு பொங்குவதுபோல ஒரு சாண் உயர்ந்தது. பார்த்துக்கொண்டிருந்த மீரான் பாய், "அவுருங்க! எல்லாரும் அவுருங்க!" என்று கூவினார். எல்லோரும் ஓடினார்கள். ஒவ்வொரு கயிறாக விழ, ஒவ்வொரு பாகமாக மண் பொங்கி, பக்கத்து மண்ணோடு சேர்ந்து, சுண்ணாம்புக் கோட்டைக் கரைத்து, ஆள் உயரம் எழும்பி, அங்கேயே நின்றது. நடுவில் ஒரே ஒரு சதுரம் கிணறுபோலப் பள்ளத்தில் கிடந்து, சுற்றிலும் எழுந்த மண்ணைக் கீழே இழுத்துப் பிடித்திருந்தது. அந்தப் பள்ளத்தில், கயிற்று வேலிக்குள், இடுப்பளவு படர்ந்த அவரைக் கொடிகளுக்கு நடுவே ஐயம்பெருமாள் நின்றிருந்தார்.

"ஏ பெரியவரே, அவுத்து விடும்! ஒரு உசுரு மேல கெடந்து துடிக்கி!"

"கயிற அறுத்து எறிஞ்சிருவோம் பாத்துக்கிடும்!"

கூவினார்களே தவிர, மேட்டின் விளிம்பில் நின்ற கால்களில் ஒன்றும் பள்ளத்துக்குள் இறங்கவில்லை. அழைக்காமல் கால் வைக்கலாகாது என்பது விதி. அந்த விதியை அவர்கள் அத்தனை நன்றாகக் கற்றிருந்தார்கள். அறுக்க வாங்கிய அரிவாளோடு மீரான் பாய்கூட விளிம்பிலேயே தத்தளித்தார்.

மரகதவடிவு வந்து விளிம்பில் நின்றார். இத்தனை ஆண்டுகளில் அந்த மனிதரிடம் அவர் சொல்லியிருக்கிறார், சுட்டியிருக்கிறார், எச்சரித்திருக்கிறார். கேட்டதில்லை. கேட்பதற்கான குரல் தொண்டையில் எங்கே இருக்கிறது என்று அவர் தேட வேண்டியிருந்தது.

"அண்ணாச்சி, நான் உள்ள வரட்டுமா?"

ஐயம்பெருமாள் நிமிர்ந்து பார்த்தார். மேலேயிருந்து மறுபடியும் அந்தக் குரல் வந்தது. அவருடைய வாய் கோணிற்று.

"வா, தாயி. கொடிய மிதிச்சிராத."

மரகதவடிவு முந்தானையைச் செருகிக்கொண்டு, மண்சரிவில் உட்கார்ந்தபடியே சறுக்கி இறங்கினார். கிட்டே வந்த பிறகுதான் தெரிந்தது, ஐயம்பெருமாளின் விரல்நுனிகள் எல்லாம் கிழிந்து இரத்தம் கசிந்துகொண்டிருந்தன.

"கத்துதானுவ, அவுரு அவுருன்னு. அப்பத்துல இருந்து அதத்தான செய்யுதேன்" என்றார் அவர். "முளைய புடுங்கிப் பாத்தேன். பச்சப் பூவரசுல்லா, இந்த மண்ணுல ஒரே ராத்திரியில வேர் விட்டுட்டு. கயிறு ஊத்துத் தண்ணியில நனஞ்சு இறுகிட்டு. பஸ் ஸ்டீரிங் பிடிச்ச கைன்னு சும்மாவா, அத்தன பலமாக் கட்டிட்டேன். மொத மொதல்ல எனக்குன்னு ஒரு எல்ல கட்டுதோம்னு ஆச, தாயி."

"மேட்டுல நிக்கவங்ககிட்ட சொல்லியிருக்கலாம்லா? அரிவா தந்திருப்பாங்கல்லா?"

"யாரு கேட்டா? திட்டத்தான செஞ்சானுவ."

அவர் மீரான் பாயைப் பார்த்து அரிவாளை எறியச் சொல்லக் கையை உயர்த்தினார். உயர்த்திய கை, ஒரே இரவில் கயிற்றைச் சுற்றி ஏறிப் பூத்திருந்த அவரைக் கொடியைப் பார்த்துத் தயங்கிற்று. அரிவாள் விழுந்தால் கொடியோடுதான் விழும். "போகட்டும்" என்றார், உடைந்த குரலில். "எறிடே பாய்."

"வேண்டாம்" என்றார் மரகதவடிவு. மண்டியிட்டு, முடிச்சுக்கு முகத்தைக் கொண்டுபோய், மண்ணும் நாரும் வாயில் ஏற, பல்லால் கடித்து இழுத்தார். ஒரு பிரி தளர்ந்தது. தளர்ந்த பிரியில் ஐயம்பெருமாள் விரலை நுழைத்தார். அவர் இழுக்க, இவர் கடிக்க, இவர் மூச்சு வாங்க, அவர் நெம்ப, இருவருடைய நெற்றிகளும் முட்டிக்கொள்ள, அவரைப்பூக்கள் தலையில் உதிர, கடைசியில் அந்த முடிச்சு, யாரோ மேலேயிருந்து மன்னித்ததுபோல, தானாக நெகிழ்ந்து விழுந்தது.

அப்போது மண் எழுந்தது.

எழுந்தது என்று சொன்னால் போதாது. காலங்காலமாகப் படுத்திருந்த ஒன்று, தன்மேல் கிடந்த சுமை எதுவென்று பார்ப்பதற்காக எழுந்து உட்கார்ந்ததுபோல, பள்ளமும் மேடும் ஒன்றாகி, அல்லிகளோடும் ஊற்றோடும் அவரைக் கொடிகளோடும் வேர்விட்ட பூவரசங்கன்றுகளோடும் அங்கே நின்ற மனிதர்கள் அத்தனை பேரோடும், அந்த மண் ஒரே குன்றாக வானத்தை நோக்கி ஏறிற்று. ஊற்று சரிவெங்கும் ஓடைகளாகப் பிரிந்து ஓட, ஓடிய வழியெல்லாம் புல் முளைத்தது. எங்கோ போயிருந்த கொக்கு, தன்னையொத்த வேறு பல கொக்குகளை அழைத்துக்கொண்டு சரிவுகளில் வந்து இறங்கிற்று. மண்ணின் வெளிச்சம் பெருகிப் பெருகி, வாகை நகரின் வீடுகளிலும் தெருக்களிலும் நிழல்களே இல்லாமல் போயின. எதிர்வீட்டுக்காரர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு தெருவில் விழுந்து வணங்கினார். மீரான் பாய் கையிலிருந்த அரிவாளைக் கீழே வைத்துவிட்டு உதடுகள் துடிக்க வானத்தைப் பார்த்தார். தென்னைகளின் தலைகள் அவர்களுடைய கால்களுக்குக் கீழே போயின. குன்றின் உச்சி, உறங்கும் குழந்தையின் கன்னத்தைத் தொடுகிற விரலைப்போல, அத்தனை மெல்லப் போய்ப் பொருநை இல்லத்தின் வாசற்படியைத் தொட்டு நின்றது.

வாசலில் ஜெபமணியின் தோளில் சாய்ந்தபடி செண்பகா நின்றிருந்தாள். மரகதவடிவு ஓடிப்போய் மறுகையைப் பிடித்துக்கொண்டார். மூவரும் ஈரப்புல்லில் கால் பதித்து இறங்கலானார்கள்; மண் அவர்களுடைய பாதங்களுக்குக் கீழே தன்னைத் தணித்துத் தணித்து, படிபோலக் கொடுத்துக்கொண்டே வந்தது. அடிவாரத்தில் கடை வண்டியின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மீரான் பாயின் மகன் காத்திருந்தான். பாதிச் சரிவில் வலி மறுபடியும் செண்பகாவின் இடுப்பைப் பிடித்தது. அவள் நின்று, பல்லைக் கடித்து, வியர்த்த முகத்தைத் திருப்பிச் சுற்றிலும் பார்த்தாள். அந்த வீட்டில் வளர்ந்தவள். அந்தத் தாயின் மகள்.

"அம்மா... கொஞ்சம் உக்காரணும் போல இருக்கு. இது யாரு எடம்மா?"

அந்தக் கேள்விக்கு எந்த நேரத்திலும் விடை வைத்திருந்த மரகதவடிவு, அன்று விளக்கு வைக்கும் நேரத்தில் பெரியாஸ்பத்திரியில் பிறந்து கேட்டவர்கள் காதெல்லாம் அடைக்கும்படி வீறிடப்போகும் பேத்தியை இன்னும் அறியாதவராக, மண்ணும் நாரும் ஒட்டிய வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, சரிவெங்கும் நிற்கிற அத்தனை பேரையும் ஒருமுறை பார்த்தார். பிறகு தாம் முதலில் அந்தப் புல்லில் உட்கார்ந்து, காலை நீட்டி, மகளின் கையைப் பிடித்துத் தம் பக்கம் இழுத்தார்.

"உக்காருளா" என்றார். "எங்க வேணும்னாலும் உக்காரு."